பழைய வண்டியில் எதை மாற்றுவது, எதை விடுவது?

எலுமிச்சை மூட்டையையும் நூல் கட்டையும் ஏற்றிச்செல்ல மோட்டார் வண்டியை நம்பியிருக்கும் அங்கத்தினர்கள் நம்மிடையே பலர் உளர். ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்துத் தோட்டங்களில் பறித்த காய் புளியங்குடிச் சந்தைக்குப் போகவேண்டும். புளியங்குடி, சங்கரன்கோவில் தறிகளில் நெய்த துணி வெளியூர் போகவேண்டும். மலையடிவாரத் தோட்டத்துப் பாதையிலோ கல்லும் பள்ளமும். மழை பெய்துவிட்டால் சேறு. அதைக் கடந்து கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் வேகம். ஒரே நாளில் இவ்விரண்டையும் பொறுக்கவேண்டிய பழைய வண்டியில் ஸ்டியரிங் பகுதியும் ஸ்பிரிங் பகுதியும் முதலில் தளர்ந்துபோவதில் வியப்பொன்றும் இல்லை.

இவ்வாறு தளர்ந்த வண்டி பட்டறைக்குச் சென்றால் ஒரு சீட்டு வருகிறது. அதில் எட்டு அல்லது ஒன்பது சாமான்களின் பெயர்கள் இருக்கும். வண்டி சொந்தமானதாயின் குடும்பத்தில் பேச்சு எழும். சங்கத்திற்குரியதாயின் நிர்வாகக் கமிட்டியில் எழும். அங்கே நடப்பது சாதாரணமாக இரண்டில் ஒன்று. “மெக்கானிக் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்” என்று முழுச் சீட்டையும் மஞ்சூர் செய்துவிடுகிறோம், அல்லது “இவ்வளவு பணமா?” என்று பாதியை அடித்துவிடுகிறோம். முன்னதில் பொதுப்பணம் வீணாகிறது. பின்னதில் அடிக்கப்படுவது எது என்பதை விலை தீர்மானிக்கிறதேயன்றித் தேய்வு தீர்மானிப்பதில்லை. உயிரைக் காக்கும் பாகம் விடுபட்டு, ஓசையை அடக்கும் பாகம் மாத்திரம் வாங்கப்படுவதும் உண்டு. செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை வளைவுகளில் ஆரியங்காவுக் கணவாய் நோக்கி ஏறி இறங்கும் வண்டியில் ஒரு டை ராடு எண்டு கழன்றுவிட்டால், சக்கரத்திற்கும் ஓட்டுநரின் கைக்கும் பிறகு எந்தச் சம்பந்தமும் இராது.

ஆகவே சீட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எவ்விதம் சோதிப்பது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம். மெக்கானிக்கின் மேல் ஐயம் கொண்டு இதைச் சொல்லவில்லை. நல்ல மெக்கானிக் தாம் கண்டதைக் காட்ட எப்போதும் தயங்குவதில்லை. பார்க்கத் தெரிந்தவர் எதிரில் நின்றால் அவருக்கும் அது மகிழ்ச்சியே.

பாகங்கள் யாவை?

நம் பக்கத்தில் ஓடும் பழைய வண்டிகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை ஒட்டி, 1950-களின் இறுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்யத் தொடங்கியது. 2014-இல் உற்பத்தி நின்றது. மற்றொன்று மாருதி ஆம்னி. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பின்னர் ஆம்னி ஆகி, 2019-இல் நின்றது. இரண்டும் இனிப் புதிதாக வருவதற்கில்லை. ஆதலால் இருப்பதைப் பேணுவதே வழி.

இரண்டிலும் ஸ்டியரிங் தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் உண்டு. அது திரும்பும்போது ரேக் என்னும் பல்வெட்டிய தண்டு இடமும் வலமுமாக நகரும். ரேக்கின் இரு முனைகளிலிருந்தும் டை ராடு என்னும் கம்பி புறப்பட்டுச் சக்கரத்தைத் தாங்கும் இரும்பின் கையைப் பற்றுகிறது. பற்றுமிடத்தில் உள்ள உருண்டைக் கூட்டே டை ராடு எண்டு. சக்கரத்தின் அடிப்பக்கத்தைக் கீழ்க்கை என்னும் இரும்புக் கை பிடித்திருக்கும். அக்கை வண்டியின் உடலோடு சேருமிடத்தில் ரப்பர் புஷ். சக்கரத்தோடு சேருமிடத்தில் ஆம்னியில் பால் ஜாயிண்ட், அம்பாசடரில் கிங்பின் அமைப்பு. பாரத்தைச் சுமப்பது ஆம்னியின் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங். அம்பாசடரிலோ நீளவாட்டில் படுத்திருக்கும் முறுக்குத் தண்டு. பின்புறத்தில் இரண்டிற்கும் பட்டை ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இராதபடி அடக்குவது ஷாக் அப்சர்பர்.

இவற்றை இரண்டு இனமாகப் பிரித்து மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்துவனவும் திருப்புவனவும் ஓர் இனம்: டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட், கிங்பின், வீல் பேரிங், ரேக், கீழ்க்கையின் புஷ், பட்டையின் முதல் தகடு. ஆட்டத்தையும் ஓசையையும் குறைப்பன மற்றோர் இனம்: ஷாக் அப்சர்பர், ஸ்டெபிலைசர் கம்பியின் ரப்பர்கள் முதலியன. முதல் இனத்தில் ஆட்டம் கண்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இரண்டாம் இனத்திற்குப் பெரும்பாலும் தவணை கொடுக்கலாம். ஷாக் அப்சர்பர் முற்றிலும் செயலற்றுப்போனால் மாத்திரம் அதுவும் முதல் இனத்தைச் சேர்ந்துவிடும், ஏனெனில் டயர் தரையை விட்டு எழும்பும்போது பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேளாது.

ஓசையை நம்புவது பற்றி ஒரு வார்த்தை. முன்புறத்தில் “டக் டக்” என்று கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று காதால் சொல்லுவது கடினம். இரும்புச் சட்டம் ஓசையைக் கடத்திச் சென்று வேறிடத்தில் ஒலிக்கச் செய்யும். நெய்த துணியில் இழை விழுந்திருப்பதைக் கண்டு அந்த இடத்திலேயே குற்றம் இருப்பதாகத் தறிக்காரர் யாரும் எண்ணுவதில்லை. அச்சிலும் விழுதிலும் போய்த் தேடுகிறார். வண்டியிலும் அவ்வாறே தேடவேண்டும்.

செலவில்லாத சோதனைகள்

வண்டியை உயர்த்துமுன் டயர்களைப் பார்க்கவேண்டும். வண்டி ஒருபுறமாக இழுக்கிறது என்று சொல்லிப் பட்டறைக்கு வருவனவற்றில் காற்றழுத்தக் குறைவு ஒன்றே காரணமாய் இருப்பவை பல. நான்கு டயர்களிலும் வண்டிக்குரிய அளவில் காற்று நிரப்பிவிட்டு ஓட்டிப் பார்க்க. இன்னும் இழுத்தால் முன்டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றி மாட்டிப் பார்க்க. இழுப்பும் பக்கம் மாறிவிட்டால் குற்றம் டயரில். மாறாவிட்டால்தான் அடியில் தேடவேண்டும். ஒரே திசையில் சுழலும்படி அம்புக்குறி இட்ட டயர்களுக்கு இச்சோதனை ஆகாது.

டயரின் தேய்வு ஒரு கணக்குப் புத்தகம் போன்றது. நடுவில் மாத்திரம் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு அல்லது சுமை மிகுதி. ஓர் ஓரம் மாத்திரம் தேய்ந்திருந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. புஷ் அல்லது கீழ்க்கையைச் சந்தேகிக்க. டயரின்மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரம் போலவும் இருந்தால், சக்கரங்கள் நேர்கோட்டில் உருளாமல் உராய்ந்து செல்கின்றன. டை ராடு பக்கம் பார்க்க. அங்கங்கே குழிவிழுந்தாற்போல் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சர்பரோ பேரிங்கோ தளர்ந்திருக்கக்கூடும்.

அடுத்து, சமதளத்தில் சுமையின்றி வண்டியை நிறுத்திச் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை நான்கு பக்கமும் நாடாவால் அளந்து எழுதிக்கொள்க. இடத்திற்கும் வலத்திற்கும் நல்ல வேறுபாடு இருப்பின் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது, அல்லது பட்டை ஒன்று ஒடிந்திருக்கிறது. அம்பாசடரின் முன்புறம் தாழ்ந்திருந்தால் உடனே முறுக்குத் தண்டை மாற்றவேண்டும் என்பதில்லை. தண்டு பழுதின்றி இருப்பின் அதைப் பொருத்தும் நிலையை மாற்றி உயரத்தைத் திருத்திக்கொள்ளலாம். இது கைதேர்ந்தவர் செய்யவேண்டிய வேலை. இடத்தண்டையும் வலத்தண்டையும் கழற்றும்போது அடையாளமிடாமல் கலந்துவிட்டால் பெருந்தொல்லை; ஒருபுறமாக முறுக்கிப் பழகிய தண்டு எதிர்ப்புற முறுக்கிற்கு உதவாது.

இருவர் செய்யும் சோதனை

எல்லாச் சோதனைகளிலும் மேலானது இது. இதற்கு ஜாக்கிகூட வேண்டுவதில்லை. சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங் வளையத்தை இடமும் வலமுமாகச் சிறிதளவே, விடாமல் ஆட்டவேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியாயின் இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் கைப்பிரேக் இழுத்து இதைச் செய்க.

முதலில் வளையத்தின் விளிம்பு எவ்வளவு தூரம் வீணாக நகர்ந்தபின் சக்கரம் அசைகிறது என்று பார்க்கவேண்டும். ரேக் வகைச் சிறிய கார்களுக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் வெற்று ஆட்டம் இருத்தல் ஆகாது என்பது பொதுவான அளவு. அதற்கு மேற்பட்டால் அந்த ஆட்டம் எந்தக் கூட்டில் தொலைகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். இரண்டாமவர் முன்புறம் குனிந்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு கூட்டின்மேலும் விரலை வைத்துச் செல்லவேண்டும். விரல் ஒரே சமயத்தில் இரண்டு இரும்பையும் தொடுமாறு வைத்தல் முக்கியம். இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் அந்தக் கூட்டு நல்லது. ஒன்று நகர்ந்து மற்றது நின்றபின் தொடர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவாயினும் விரலுக்குத் தட்டும். அங்கேதான் தேய்வு.

ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள கூட்டில் தொடங்குக. பிறகு ரேக். ரேக்கின் குழாய், வண்டிச் சட்டத்தோடு இணைத்திருக்கும் பிடிகளில் முழுவதுமாகப் பக்கவாட்டில் நகர்கிறதா? நகர்ந்தால் பிடியின் ரப்பரோ போல்ட்டோ தளர்ந்திருக்கிறது. சிறு செலவில் தீரவேண்டிய இக்குற்றத்திற்கு முழு ரேக்கையும் மாற்றிவிடுவோர் இருக்கிறார்கள். அடுத்து ரேக்கின் முனையில் மடிப்பு மடிப்பாக உள்ள ரப்பர் உறையை வெளியிலிருந்து அமுக்கிப் பிடித்தால் உள்ளிருக்கும் கூட்டின் ஆட்டம் கைக்குத் தெரியும். கடைசியாக டை ராடு எண்டு.

ரேக்கைப் பற்றி மேலும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனெனில் சீட்டில் விலை மிக்கது பெரும்பாலும் இதுதான். ரேக்கின் பல்லுக்கும் பினியனுக்கும் இடையிலுள்ள நெருக்கத்தைத் திருத்த அமைப்பு ஒன்று உண்டு. வண்டி பெரும்பாலும் நேரே ஓடுவதால் ரேக்கின் நடுப்பல் அதிகம் தேய்கிறது. ஓரப் பற்கள் புதிதுபோல் இருக்கும். நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்க இறுக்கினால், முழுவதும் திருப்பும்போது ஓரத்தில் இறுகிப் பிடிக்கும். வளைவில் திரும்பிய ஸ்டியரிங் தானாக மீளாது. அவ்வாறு நடுவில் தளர்வும் ஓரத்தில் இறுக்கமும் இருந்தால் அந்த ரேக் உண்மையிலேயே முடிந்தது, மாற்றத்தான் வேண்டும். அன்றி, மேற்சொன்ன விரற்சோதனையில் மற்றக் கூட்டுகள் யாவும் நல்லவை என்று அறியாமல் ரேக்கை மாற்ற அனுமதி அளிக்கலாகாது.

சக்கரத்தை உயர்த்திச் செய்யும் சோதனை

மாட்டு வண்டி ஓட்டிய நம் பெரியோர் பயணம் புறப்படுமுன் சக்கரத்தை இரு கையாலும் பற்றி அசைத்துப் பார்த்தார்கள். குடத்தின் தேய்வும் கடையாணியின் நிலையும் அந்த அசைவிலேயே தெரிந்துவிடும். மோட்டார் வண்டிக்கும் இதே சோதனைதான்.

ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டிக்கு அடியில் உடலையோ கையையோ நுழைக்கக் கூடாது. பின்சக்கரத்திற்குக் கட்டை கொடுத்து, உயர்த்திய சட்டத்தின் கீழ் இரும்பு ஸ்டாண்டு வைத்தபின்னரே அணுகுக. செங்கல்லும் உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லும் எச்சரிக்கையின்றி நொறுங்குபவை. அவற்றைத் தாங்கலாக வைத்தல் தற்கொலைக்கு ஒப்பாகும்.

எந்த இடத்தில் உயர்த்துவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பிரிங்கின் பாரம் கீழ்க்கையின்மேல் விழும் அம்பாசடர் போன்ற வண்டிகளில் உடலை மாத்திரம் உயர்த்தினால், ஸ்பிரிங் கீழ்க்கையை அமுக்கிக்கொண்டே இருப்பதால் தேய்ந்த கூட்டும் இறுக்கமாகத் தோன்றும். அவற்றில் கீழ்க்கையின் அடியில் ஜாக்கி வைக்கவேண்டும். ஆம்னி போன்று சுருளும் ஷாக் அப்சர்பரும் ஒன்றாக நிற்கும் வண்டிகளில் உடலை உயர்த்திச் சக்கரத்தைத் தொங்கவிடுதலே முறை.

உயர்த்தியபின் டயரின் உச்சியையும் அடியையும் பற்றி உள்ளும் வெளியும் அசைக்க. ஆட்டம் இருப்பின் அது வீல் பேரிங்கிலோ, பால் ஜாயிண்ட் அல்லது கிங்பின்னிலோ இருக்கும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு: ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மறுபடி அசைக்கட்டும். ஆட்டம் மறைந்துவிட்டால் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது கிங்பின். பேரிங்கிலும் இறுக்கம் திருத்தக்கூடிய வகை பழைய வண்டிகளில் உண்டு. அவற்றைக் கழற்றிக் கழுவி, உருளைகளில் புள்ளியும் நீலநிறமும் இல்லையென்றால் புதுக் கிரீஸ் இட்டு அளவாக இறுக்கிவிட்டால் போதும். சக்கரத்தைக் கையால் சுழற்றும்போது கரகரவென்று ஒலித்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பிறகு டயரின் இரு பக்கங்களைப் பற்றி முன்னும் பின்னுமாக அசைக்க. மேல்கீழ் அசைவில் இல்லாத ஆட்டம் இங்கே தோன்றினால் டை ராடு வரிசையில் தேய்வு. மேல்கீழிலும் பக்கத்திலும் ஒரே அளவாகத் தோன்றினால் மறுபடி பேரிங்கையே நோக்குக.

பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தும் ஆட்டம் இல்லையானால் என்ன செய்வது? நேற்றுக் கிழிந்த உறையாயின் உள்ளே சுத்தம் செய்து, கிரீஸ் இட்டு, உறையை மாத்திரம் மாற்றலாம். செம்மண்ணும் நீரும் உள்ளே போய்க் கிரீஸ் சேறாகியிருந்தால் அந்தக் கூட்டின் ஆயுள் சில மாதங்களே. ரேக்கின் மடிப்பு உறைக்கும் இது பொருந்தும். சாமான்களில் மிக மலிவானவை இந்த ரப்பர் உறைகள்; மிக விலையுயர்ந்தவற்றைக் காப்பவையும் இவைதாம். சீட்டில் இவை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை என்பதை அங்கத்தினர் கவனிக்கவேண்டும்.

கிரீஸ் நிப்பிள் உள்ள பழைய வண்டிகளில் கிங்பின் தேய்வதற்கு முதற்காரணம் கிரீஸ் இல்லாமையே. துப்பாக்கியால் அடித்தபோது பழைய கிரீஸ் வெளியே வராவிட்டால் துவாரம் அடைத்திருக்கிறது; நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் அடித்துவிட்டதாகக் கணக்கெழுதுவதில் பயனில்லை.

புஷ், பட்டை, ஷாக் அப்சர்பர்

ரப்பர் புஷ்ஷின் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு இருத்தல் முதுமையின் குறி. அது மட்டும் மாற்றுவதற்குக் காரணமாகாது. நெம்புகோலை இடையில் கொடுத்து மெல்ல நெம்பும்போது ரப்பர் இரும்புக் குழலை விட்டுப் பிரிந்து வந்தால், அல்லது கை ஓசையுடன் தட்டினால் புஷ் போயிற்று. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டை ஸ்பிரிங்கில் ஒவ்வொரு தகட்டையும் துணியால் துடைத்து ஒடிவைத் தேடவேண்டும். ஒடிந்த இடத்தில் துருவின் நிறம் வேறாய் இருக்கும். முதல் தகடு ஒடிந்தால் வண்டி நகரக் கூடாது, ஏனெனில் பின்அச்சைப் பிடித்திருப்பது அதுதான். கீழ்த்தகடு ஒன்று ஒடிந்தால் அந்தத் தகட்டை மாத்திரம் பட்டறையில் மாற்றிக் கட்டலாம். யூ போல்ட்டும் நடு போல்ட்டும் தளர்ந்து பின்அச்சு சற்றே நகர்ந்துவிட்ட வண்டி நேரே ஓடாமல் குறுக்கே நடப்பதுபோல் செல்லும். முன்புறத்தில் எவ்வளவு சாமான் மாற்றினாலும் அது தீராது.

ஷாக் அப்சர்பருக்கு வண்டியின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பது வழக்கம். முற்றிலும் கெட்டதை இது காட்டும். பாதி கெட்டதைக் காட்டாது. உடலில் இலேசான எண்ணெய்ப் பசை இருப்பது குற்றமன்று. வழிந்து தூசியோடு அப்பியிருந்தால் குற்றம். மிகப் பழைய நெம்புகோல் வகையில் எண்ணெய் ஊற்றும் மூடி உண்டு; எண்ணெய் குறைந்திருந்தால் நிரப்பிப் பார்த்தபின் முடிவு செய்யலாம். மாற்றுவதானால் ஓர் அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். முன்இரண்டு கெட்டதற்காகப் பின்இரண்டையும் மாற்றவேண்டுவதில்லை.

ஒரு சீட்டைப் பரிசீலித்தல்

இனி ஒரு சங்கத்தின் பழைய ஆம்னிக்கு இவ்வாறு சீட்டு வந்ததாக வைத்துக்கொள்வோம்: டை ராடு எண்டு இரண்டு, பால் ஜாயிண்டோடு கீழ்க்கை இரண்டு, முழு ரேக், முன்வீல் பேரிங் இரண்டு, ஷாக் அப்சர்பர் நான்கு, ஸ்டெபிலைசர் ரப்பர், பின்பட்டை ஸ்பிரிங் ஒரு ஜோடி, அலைன்மென்ட்.

இருவர் சோதனையில் இடப்பக்க டை ராடு எண்டில் விரலுக்குத் தட்டுகிறது; வலப்பக்கம் இறுக்கமாக இருக்கிறது. ரேக்கில் நடுவிலும் ஓரத்திலும் ஒரே இறுக்கம். ஆனால் அதன் வலப்பக்க மடிப்பு உறை கிழிந்திருக்கிறது, உள்ளே இன்னும் சேறு சேரவில்லை. உயர்த்திப் பார்த்ததில் பால் ஜாயிண்ட் இரண்டிலும் ஆட்டம் இல்லை. இடக்கீழ்க்கையின் புஷ் ஒன்று குழலை விட்டுப் பிரிந்திருக்கிறது. வலச்சக்கரம் சுழலும்போது கரகரக்கிறது. பின்ஷாக் அப்சர்பர் ஒன்றில் எண்ணெய் வழிந்திருக்கிறது. பட்டையில் மூன்றாம் தகடு ஒடிந்திருக்கிறது.

எனவே மஞ்சூர் செய்யவேண்டியவை: இடப்பக்க டை ராடு எண்டு, ரேக்கின் மடிப்பு உறை, இடக்கீழ்க்கையின் புஷ், வலப்பக்கப் பேரிங், பின்ஷாக் அப்சர்பர் இரண்டு, பட்டையின் ஒரு தகடு, இறுதியில் அலைன்மென்ட். வலப்பக்க டை ராடு எண்டையும் அதே வயதினது என்பதால் சேர்த்து மாற்றலாமே என்று கேட்பவர் உண்டு. வண்டி மலைப்பாதையில் அடிக்கடி செல்வதானால் அது நியாயமான யோசனையே, விலையும் பெரிதன்று. ஸ்டெபிலைசர் ரப்பரை அடுத்த தவணைக்கு விடலாம். விலையுயர்ந்த ரேக்கும் முழுப் பட்டைகளும் கீழ்க்கைகளும் சீட்டிலிருந்து நீங்கிவிட்டன. சீட்டில் எழுதப்படாத மடிப்பு உறை சேர்ந்துகொண்டது.

பதினைந்து ஆண்டு முடிந்த சொந்தக் காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போதும், சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று பெறும்போதும் வண்டி பரிசோதிக்கப்படுகிறது. அதில் தேறிவிட்டது என்பது அன்றைய நிலைக்கே சான்று. ஆறு மாதம் தோட்டத்துப் பாதையில் சுமை இழுத்தபின் அச்சான்று கூட்டின் தேய்வைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பொருத்தும்போது கவனிக்கவேண்டியவை

பழைய டை ராடு எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்றிலேயே ஏற்றவேண்டும். அப்போதுதான் தென்காசிக்கோ ராஜபாளையத்திற்கோ அலைன்மென்டுக்குக் கொண்டுபோகும்வரை வண்டி ஓரளவு நேராக ஓடும். அலைன்மென்டை முதலில் செய்து பாகங்களைப் பின்னர் மாற்றுவது பணத்தை இருமுறை செலவிடுவதாகும்.

கீழ்க்கையின் புஷ்ஷை மாட்டியபின் அதன் போல்ட்டை, சக்கரம் தொங்கும் நிலையில் முழுவதும் இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, தன் பாரத்தில் நிற்கும்போது இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கிய ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழியும். புதுப் புஷ் மூன்றே மாதத்தில் போய்விட்டது என்னும் குறைபாட்டிற்கு இது ஒரு முக்கிய காரணம். சாமான் போலி என்று கடைக்காரரைக் குறைகூறுமுன் இதை விசாரிக்க.

ஸ்பிலிட் பின்னை மறுபடி உபயோகிக்கலாகாது. டை ராடு எண்டின் நட்டைக் காப்பது அந்தச் சிறு கம்பிதான். மாட்டு வண்டியின் கடையாணி செய்யும் வேலையை இது செய்கிறது. பின்னுக்குப் பதிலாக உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு வந்திருந்தால் அதையும் புதிதாகவே போடுக.

கழற்றிய பழைய சாமான்களை, பக்கம் குறித்த சீட்டுக் கட்டிச் சங்க அலுவலகத்திற்குத் திருப்பித்தரச் சொல்லவேண்டும். பில்லில் சாமானின் பெயர், இடமா வலமா என்பது, வண்டி ஓடிய கிலோமீட்டர் ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். கிலோமீட்டர் எழுதாத பில் அடுத்த முறை எதற்கும் உதவாது.

பட்டையைக் கட்டிய வண்டியில் முதற் சுமை ஏற்றி இறக்கியபின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும். தகடுகள் படிந்து அமர்வதால் அவை சற்றே தளரும். மற்ற நட்டுகளை 500 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை பார்த்துவிட்டு, நான்கு மூலைகளின் உயரத்தையும் மீண்டும் அளந்து, முன்னர் எழுதிய அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதிவைக்கவும்.